காந்தத்தில் ஒட்டிய கறுப்புப் பொடி

கயல்விழிக்கு அடக்கம் அதிகம் என்று அந்தச் சரவணம்பட்டிக் கல்லூரியில் யாரும் சொன்னதில்லை. குப்பியின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனதும் கறுப்புப் பொடி துள்ளி வந்து ஒட்டிக்கொண்ட பிறகு, கொஞ்சநஞ்சம் இருந்ததும் போயிற்று.

அவள் ஆராய்ச்சி செய்த படிகம் நிக்கலும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்தது. அடுக்கி வைத்த தோசை மாதிரி ஏடு ஏடாக இருக்கும். ஏடுகளுக்கு நடுவே கரிம மூலக்கூறுகளை நுழைத்தால் அதன் காந்த குணம் மாறும். அந்த மாற்றம் கடுங்குளிரில்தான் தெரியும் என்று எல்லோரும் எழுதி வைத்திருந்தார்கள். இவளுக்கோ ஏப்ரல் மாதக் கோயமுத்தூர் வெக்கையிலேயே ஒட்டியது. உலகத்து ஆய்வாளர்களை எல்லாம் நினைத்துப் பரிதாபப்பட்டாள். ஆய்வுக்கூடத்தில் மைசூர்பாகு கொடுத்தாள்.

படிகத்தையும் கரிம மருந்தையும் கலந்து சூடாக்கும் குடுவை, கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அப்பா நஞ்சப்பன் கடைந்து கொடுத்தது. கடைந்துகொள்ளக்கூடிய சாமானைக் காசு கொடுத்து வாங்குவது அந்த வீட்டில் கௌரவக் குறைச்சல். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போட்டுவிடலாமா என்று அவர் கேட்டபோது, உள்ளே டெஃப்ளான் கிண்ணம் வருகிறதே, சாதா இரும்பே போதும் என்று தீர்ப்புச் சொன்னவள் இவள்தான். கிண்ணம் சூட்டில் நெளிந்துபோனதும், புதுசுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் கலவையை நேராக இரும்பிலேயே ஊற்றியவளும் இவள்தான்.

அவளுடைய ஆய்வேடே இந்த முடிவை நம்பித்தான் நின்றது. வழிகாட்டி ஹபீபுன்னிசா மேடம் கட்டுரையை அனுப்பத் தயாராக இருந்தார். அதற்கு முன், படிகமே போடாமல் ஒருமுறை செய்து பார்த்துவிடு, கட்டுரையைச் சரிபார்ப்பவர்கள் கேட்பார்கள் என்றார். சும்மா சம்பிரதாயம் என்று அலுத்துக்கொண்டே செய்தாள்.

படிகம் போடாத குப்பியிலும் கறுப்புப் பொடி கிடந்தது. காந்தத்தைக் காட்டினாள். அதுவும் அதே உற்சாகத்தோடு துள்ளி வந்து ஒட்டியது.

மருந்து குடுவையை அரித்திருக்கிறது. அவள் கண்டுபிடித்தது இரும்பு. மனித குலம் அதை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டிருந்தது. யாருக்கும் சொல்லாமல் குப்பியைக் கழுவிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வெட்கம் பிடுங்கித் தின்ன, குப்பியை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனாள். மேடம் திட்டவில்லை. கட்டுரையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சாயங்காலம் பட்டறைக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். காந்தப் பெருமையைத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்த மனிதர். லேத்தை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தார்.

"நாந்தான் ஸ்டெயின்லெஸ்ல போட்டிருக்கோணும் கண்ணு."

"நீங்க கேட்டீங்கப்பா. நாந்தான் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்."

"அப்ப நீ நுழைச்சது ஒண்ணுமே உள்ள போகலியா?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. முன்பே அந்தப் படிகத்தை எடுத்திருந்த எக்ஸ்-ரே படத்தில் ஏடுகள் விலகி, இடைவெளி அகலமாகியிருந்தது. அதற்கும் இரும்புக்கும் சம்பந்தமே இல்லை. இத்தனை வருடம் அவள் பாடுபட்டது அந்த விலகலுக்காகத்தான்.

"போயிருக்குதுங்கப்பா. அது நெசம்."

"பின்ன ஏங் கண்ணு அழுகறே?"

"காந்தம் காந்தம்னே பேசிப்போட்டு, அதை நான் ஒருத்தருகிட்டயும் சொல்லவே இல்லீங்கப்பா."