இரண்டாவது கையெழுத்து

கூதிர்ப் பருவம் அது. மழை ஓய்ந்திருந்தது, மழையின் நினைவு ஓயவில்லை. நீங்கிப் போக மனமின்றி, பெய்து தீர்க்க வலுவுமின்றி, பிழையைச் சொல்ல வந்து வாசலிலேயே நின்றுவிட்டவரைப் போல, மேகம் கூரைகளின் மேல் தயங்கிக் கிடந்தது. சுவர்கள் ஈரம் கோத்திருந்தன. நண்பகலிலும் விளக்கெரித்த கடைகளின் ஒளி தெருவோர நீரில் நடுங்கிற்று. பகல் தன் முகத்தைக் காட்ட நாணிய நாள் அது.

அந்நாளில் ஒருவர் ஒன்பதாம் மாடியின் காத்திருப்பு அறையில், கஞ்சிப் பசை போட்ட சட்டைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஐந்தே பேர் வேலை செய்யும் பொறியியல் நிறுவனம். இரும்புப் படிகளையும் தாங்கு சட்டங்களையும் வடிவமைத்துக் கொடுக்கும். அங்கே படம் வரைபவர் ஒருவர், எல்லாரும் அக்கா என்றழைக்கும் அம்மையார்; சரிபார்ப்பவர் ஒருவர். இருவர் கையெழுத்தும் விழுந்துவிட்டால் படம் நேரே பட்டறைக்குப் போய்விடும். பதினோரு ஆண்டுகளாக இரண்டாவது கையெழுத்து இவருடையது. ஓர் எண்ணையும் விடாமல் துருவுவதால் வந்த பட்டப்பெயர் அது.

இன்று காலை, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுப் பெரிய நிறுவனத்தின் நேர்காணலுக்கு வந்திருந்தார். புறப்படும் பரபரப்பில், மேசையில் காத்திருந்த ஒரு படத்தைப் புரட்டிக்கூடப் பாராமல் கையெழுத்திட்டிருந்தார். அக்கா வரைந்ததுதானே, அவர் கை பிசகாது என்று மனத்தைத் தட்டிக்கொடுத்து உறங்கவைத்தாயிற்று.

உள்ளே அழைத்தார்கள். எதிரே மூவர். நடுவில் இருந்த அம்மையார் அவருடைய தாள்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சின்ன நிறுவனத்துல பதினோரு வருஷம் இருந்திருக்கீங்க. அப்படி என்ன நன்மை அதுல?"

குறை சொல்வதற்கே ஒத்திகை பார்த்து வந்திருந்தார். ஆனால் வாய் தானாகவே உண்மையின் பக்கம் சாய்ந்தது.

"நான் பார்த்த படம் இரும்பாகி நிக்கறத என் கண்ணாலயே பார்க்கலாம்மா. பட்டறையில சந்தேகம்னா எனக்கே போன் வரும். நடுவுல பத்துப் பேர் இல்ல. காலையில கையெழுத்துன்னா மத்தியானமே இரும்பு வெட்டுவாங்க. ஒருத்தர் மனசு ஒருத்தருக்குத் தெரியும். எனக்கு அப்புறம் அந்தப் படத்தைப் பார்க்க ஆளே கிடையாது. அதனாலயே நான் ஒவ்வொரு எண்ணையும்..."

சொல் அங்கேயே நின்றது. காலையில் புரட்டாமல் விட்ட படம் கண்முன் வந்தது.

"ஒவ்வொரு எண்ணையும்?" என்றார் அம்மையார்.

"மன்னிக்கணும்மா. ஒண்ணைப் பார்க்காம வந்துட்டேன்." கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

மின்தூக்கிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. படிகளில் இறங்கியபடியே பட்டறைக்குப் பேசினார்.

"வாங்க பூதக்கண்ணாடி!" என்றார் பட்டறைக்காரர். "உங்க கையெழுத்தைப் பார்த்ததுமே ரம்பத்தைப் போட்டாச்சு. நாலு தூணு வெட்டியாச்சு."

"நிறுத்துங்க. ரம்பத்தை நிறுத்துங்க."

"என்னய்யா, பல்லுக்குப் பதிலா நாக்கைப் பிடுங்கிட்டாங்களா? குரல் இப்படி நடுங்குது?"

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!"

பேருந்தில் நின்றுகொண்டே வந்தார். அந்தப் படத்தில் இருந்தது மகப்பேற்று மருத்துவமனை ஒன்றின் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கப்போகும் சட்டம். அதற்கு நேர் கீழே, பிறந்து ஒரு நாளும் ஆகாத பிள்ளைகளை வரிசையாகக் கிடத்தும் அறை. படத்தில் பிழை இருந்தால் சத்தமில்லாமல் திருத்திவிடலாம். வாடிக்கையாளர்தான் கடைசி நேரத்தில் மாற்றினார் என்று சொல்லிவிடலாம். இந்த யோசனை எவ்வளவு எளிதாக வந்தது என்பதே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆயினும் அதை அவர் உதறவுமில்லை.

அலுவலகத்தில் முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். எல்லாருக்கும் அவர் அண்ணன். பட்டறைக்காரர் அவருக்குச் செய்தி சொல்லிவிட்டிருந்தார். படம் மேசையில் விரிந்து கிடந்தது. பக்கத்தில் வாடிக்கையாளரின் கடிதம். தொட்டி எட்டாயிரம் லிட்டர் என்றது கடிதம். படமோ ஐயாயிரத்துக்கு வரையப்பட்டிருந்தது.

படம் வரையும் அக்கா எழுந்து நின்றார். ஐம்பதைக் கடந்தவர், அவர் முகம் இப்படி வெளுத்து இவர் கண்டதில்லை.

"தப்பு என்னோடதுண்ணே," என்றார் முதலாளியிடம். "முதல்ல போன்ல ஐயாயிரம்னாங்க. மாறும்னு ஏதோ காதுல விழுந்துச்சு. சந்தேகமா இருக்கேன்னு அந்த எண்ணைச் சுத்திப் பென்சில்ல வட்டம் போட்டு வெச்சேன். தம்பி கையெழுத்தைப் பார்த்ததும், சரி, பார்த்துட்டாருன்னு வட்டத்தை அழிச்சிட்டேன். நான் வாயைத் திறந்து கேட்டிருக்கணும்."

படத்தின் மேல் குனிந்தார் இவர். அழித்த வட்டத்தின் தடம் தாளில் மங்கலாகத் தெரிந்தது. காலையில் ஒரு முறை, ஒரே ஒரு முறை பார்த்திருந்தால் போதும்.

"அக்கா, அது வந்து..."

"ஐயோ, பேசாதீங்க தம்பி! பல்லு பிடுங்கின வாய். ரத்தம் வந்துடும்."

"இல்லக்கா, நான் சொல்றது..."

"டேய், வாயை மூடுறா," என்றார் முதலாளி. "வலியோட வந்து பட்டறையை நிறுத்தியிருக்கே. நீ இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்! போய் உக்காரு."

அக்கா ஒரு குவளை வெந்நீரைக் கொண்டுவந்து, உப்புப் போட்டிருக்கிறது என்று சொல்லி நீட்டினார். பழியைத் தலையில் சுமந்துகொண்டே இவருடைய வாய்க்கு வெந்நீர் காய்ச்சியிருக்கிறார். அந்தக் குவளையின் சூடு விரல் வழியே நெஞ்சைச் சுட்டது. அதைக் கீழே வைத்தார். வாயை அகலத் திறந்து காட்டினார்.

"பாருங்க. எல்லாப் பல்லும் இருக்கு."

இருவரும் விழித்தார்கள்.

"நான் பல்லு பிடுங்கப் போகல. வேற கம்பெனி நேர்காணலுக்குப் போனேன். நேரமாச்சுன்னு படத்தைத் திறந்துகூடப் பார்க்காம கையெழுத்துப் போட்டேன். வட்டத்தை நான் பார்க்கவே இல்ல. அக்கா மேல ஒரு தப்பும் இல்லண்ணே."

முதலாளி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"வேலை குடுத்துட்டாங்களா?"

"பாதியிலயே எழுந்து வந்துட்டேன்."

"பாதியிலயா? அப்புறம் எந்தக் கிறுக்கன் குடுப்பான்!" சிரிக்க முயன்றார், சிரிப்பு வரவில்லை. "போறதுன்னா சொல்லிட்டுப் போடா. யாரும் உன் காலைக் கட்டிப் போடல. ஆனா பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதாதே. அந்தக் கட்டடத்துல பச்சைப் பிள்ளைங்கடா."

இவர் தலை கவிழ்ந்தது. அக்காவோ திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஈரத்துணியால் அளவுகோலை மெல்லத் துடைத்தபடி சொன்னார்:

"இனிமே வட்டம் போட்டா, உங்ககிட்ட வந்து கேட்டுட்டுத்தான் அழிப்பேன் தம்பி. தப்பா நினைக்காதீங்க."

மூவர் எதிரே அவர் பெருமையாகச் சொன்ன நன்மைகளில் தலையாயது அந்த மேசைக்கருகே உடைந்து கிடந்தது. ஒருவர் மனம் ஒருவருக்குத் தெரியும் என்றாரே! இன்று நன்றாகவே தெரிந்துவிட்டது.

பட்டறைக்காரர் வெட்டிய நான்கு தூண்களையும் ஒதுக்கிவைத்தார். அக்கா எட்டாயிரம் லிட்டருக்குப் புதிதாக வரைந்தார். இவர் அருகில் அமர்ந்து ஒவ்வோர் எண்ணையும் கணக்கிட்டார். ஆணித் துளைகளையும் ஒன்றுவிடாமல் எண்ணினார். ஓரிடத்தில் ஐயம் வந்தது, கேட்டார். அக்கா நிமிராமலே விடை சொன்னார். மாலை நான்கரைக்கு எல்லாம் சரியாக இருந்தது. பேனாவை எடுத்தவர் உடனே எழுதவில்லை. எழுந்து போய்க் கைகளைக் கழுவிவந்தார். நாற்காலியின் பின்னால் நின்று, கண்மூடி, சிறுவயதில் தாய்மடியில் கேட்டுப் பழகிய துதி ஒன்றை உதடு மட்டும் அசைய முதலடியிலிருந்து கடைசியடி வரை சொன்னார். எத்தனையோ ஆண்டுகளாக அதை முழுதாகச் சொல்லியதில்லை. அக்கா விரைந்து எழுந்து, மின்விசிறிக் காற்றில் படபடத்த தாளின் முனையை உள்ளங்கையால் அமர்த்திக்கொண்டு, அவர் முடிக்கும்வரை அசையாமல் நின்றார்.

அவர் குனிந்து கையெழுத்திட்டார்.

"அந்தக் கூரைக்குக் கீழ கண் திறக்கற ஒவ்வொரு பிள்ளையும் நல்லா இருக்கட்டும்," என்றார் அக்கா தாழ்ந்த குரலில். சற்றுப் பொறுத்து, அவரைப் பாராமலே சேர்த்துச் சொன்னார்: "நீங்களும் நல்லா இருங்க தம்பி."