வெளிநாட்டில் ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடம்

1.

"தண்ணி மோட்டாரை நிறுத்திட்டியா அண்ணா?" என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் என் தங்கை கேட்டாள். நிறுத்திவிட்டேன் என்றேன். உண்மையில் எனக்கு நினைவில்லை. அவளிடம் நான் சொன்ன கடைசிப் பொய் அது.

இதைக் கதையாக எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. புகார் மனுவாகத்தான் எழுதினேன், மூன்று முறை. மூன்றுக்கும் 'தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது' என்று ஒரே பதில். கதைக்கு அப்படிப் பதில் போட முடியாது என்பதால் கதை.

2.

முதல் தொடக்கம்: "காலை வெயில் மருத்துவமனையின் கண்ணாடிச் சுவரில் பட்டு..." (அடித்துவிட்டேன். அன்று நான் வெயிலைப் பார்க்கவில்லை.)

இரண்டாவது: "அவசர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே, தகரக் கூரையின் கீழ், ஒரு நீளமான இரும்பு பெஞ்சு கிடந்தது." இது இருக்கட்டும்.

நாங்கள் அதில் உட்கார்ந்தபோது மணி 9.50. கதவுக்கு மேலே மின்பலகை: 'இன்றைய சராசரிக் காத்திருப்பு 9 நிமிடம்'. காவலாளியின் வாக்கிடாக்கியில் உள்ளேயிருந்து ஒரு செவிலியரின் குரல் கரகரத்தது.

"வெளிநாட்டுல எத்தனை பேரு?"

"பதினொண்ணு சிஸ்டர்."

வெளிநாடு என்று அவர்கள் சொன்னது அந்த பெஞ்சை.*

"முதுகு வலிக்குதுங்கறா, தாடை வரைக்கும் இழுக்குதாம். வேர்வையைப் பாருங்க," என்றேன் காவலாளியிடம்.

"எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு இழுக்குது சார். பேரை ஏத்திட்டா நேரக் கணக்கு ஓட ஆரம்பிச்சிடும். அப்புறம் பத்து நிமிஷத்துல டாக்டர் பாத்தாகணும். உள்ள இடம் வரட்டும், நானே கூப்பிடறேன்."

கெட்ட மனிதரில்லை. தண்ணீர் பாட்டில்கூடக் கொடுத்தார். என் தங்கை வாங்கிக்கொண்டு, "வெளிநாடு போகணும்னு எவ்ளோ நாள் ஆசை! பாஸ்போர்ட் இல்லாமலே வந்துட்டேன் பாரு," என்றாள். பெஞ்சே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று எழுதினால் என் மரியாதை கூடும். நானும் சிரித்தேன்.

11.28க்கு அவள் என் தோளில் சரிந்தாள். காவலாளிதான் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்த நிமிடமே பெயர் ஏறியது. 11.32க்கு மருத்துவர் வந்தார். 12.10க்கு அந்த மருத்துவர் வெளியே வந்து என்னிடம்

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.)

* காத்திருப்போர் பட்டியலில் இல்லாதவர்கள் இருக்கும் இடம். சிகிச்சையிலும் இல்லை, வீட்டிலும் இல்லை.

3.

அவர்கள் தந்த அறிக்கையில் ஒரு வரி: 'காத்திருந்த நேரம்: 4 நிமிடம்'.

முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். ஊர் பேர் தெரியாதவர்களின் திருமண அழைப்பிதழில்கூட ஒரு தேதி தப்பாகப் போனதில்லை. என் தங்கையின் தாளில் இருக்கும் ஓர் எண்ணை என்னால் திருத்த முடியவில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்: நான்கை அடித்துவிட்டு, ஒரு மணி நாற்பத்திரண்டு நிமிடம் என்று எழுதுங்கள்.

4.

இனி வில்லி வர வேண்டும். மருத்துவமனையின் மேம்பாட்டுப் பிரிவுத் தலைவி. ஊழியர்கள் வைத்த பெயர் 'பச்சை மேடம்'. காத்திருப்பு நேர அட்டவணையில், தாமதம் என்று சிவப்பாக இருந்த கட்டங்களையெல்லாம் பச்சையாக்கியவர்.

முதல் வரைவில் அவருக்கு வாசனைத் திரவியமும் ஏளனச் சிரிப்பும் கொடுத்திருந்தேன். இரண்டையும் பிடுங்கிக்கொள்கிறேன், அவரிடம் அவை இல்லை. அவருக்கு முன்பு இதே இடத்தில் ஜனங்கள் ஆறு மணி நேரம் காத்துக் கிடந்தார்கள் என்பதும் உண்மை.

பெஞ்சை வெளியே போட்டது யார்? ஒரு செவிலியர் சொன்னார்: "யாரும் உத்தரவு போடலை சார். திங்கக்கிழமை கூட்டத்துல சிவப்போட வர்றவங்க எழுந்து நின்னு காரணம் சொல்லணும். இருபது பேர் முன்னாடி மானம் போகும். பச்சையோட வந்தா கைதட்டு. ஒரு வாரம் பெஞ்சைத் தள்ளிப் போட்டுப் பாத்தோம். பச்சை வந்துச்சு. மேடம் கைதட்டினாங்க."

"எப்படி வந்துச்சுன்னு கேக்கலையா?"

"பச்சையை யாராவது கேள்வி கேப்பாங்களா சார்?"

இதை எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. பெஞ்சு கிடந்தது வாசலில். மேடம் தினமும் காரில் வந்து இறங்குவதும் அதே வாசலில்தான்.

5.

மேடத்தை ஒருமுறை பார்த்தேன். எழுந்து நின்றுதான் பேசினார்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது சார்."

"வருத்தம் என்கிட்டயே இருக்கட்டும்மா. நேரத்தை மாத்துங்க."

"பேர் பதிவாறதுக்கு முந்தின நேரத்தை கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"கம்ப்யூட்டர் பக்கத்துல பேனா இருக்கே."

பேனாவைப் பார்த்தார். பிறகு, "ஒருத்தருக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும் சார். இந்த முறையை இன்னும் ஆறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். அது அப்படியே நின்னுடும்," என்றார்.

"நிக்கட்டுமே! ஆறு வாசல்லயும் பெஞ்சு போடப் போறீங்களா?"

அவர் கண் கலங்கியது. இதைச் சொல்லாமல் விட்டால் நானும் பச்சைக் கட்டம் போடுகிறவன் ஆவேன். கண் கலங்கியது, கை பேனாவைத் தொடவில்லை.

6.

முடிவுகள்.

அ) மேடம் அன்று மாலை கீழே இறங்கி வந்து, அந்த பெஞ்சில் தானே இரண்டு மணி நேரம் உட்காருகிறார். (அழகாக இருக்கிறது. நடக்கவில்லை.)

ஆ) அடுத்த திங்கள் கூட்டத்தில் செவிலியர் எழுந்து, "மேடம், இது பொய்ப் பச்சை" என்கிறார். மேடம் அதற்கும் கைதட்டுகிறார். (இதை நான்கு முறை எழுதினேன். கைதட்டும் இடம் வந்ததும் ஒவ்வொரு முறையும் நிறுத்திவிட்டேன். அவர் கைதட்டியிருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. செவிலியருக்கு இரண்டு பிள்ளைகள்.)

இ) நான் கல்லெடுத்து மின்பலகையை உடைக்

வேண்டாம். புதுப் பலகை வாங்க ஒரு மனு போதும், அது முதல் மனுவிலேயே கிடைத்துவிடும்.

முடிவை உங்களிடம் விடுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது முடியாமல் போய், ஏதோ ஒரு வாசலில் உங்களை உட்காரச் சொன்னால், உட்கார்ந்த நேரத்தைத் தாளில் எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நான் வாங்கவில்லை. பதினொரு பேர் இருந்தார்கள், ஒருவர் முகமும் எனக்கு நினைவில் இல்லை.

நேற்று அறிக்கையின் நகல் கேட்டு நான்காம் முறை போனேன். புதிய தாள், புதிய முத்திரை. காத்திருந்த நேரம் நான்கு நிமிடம்.