எழுத்தில்லாத சக்கரம்

துரை பர்மாவுக்குக் கிளம்பும்போது பங்களாவில் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சாமானைக் கொடுத்துவிட்டுப் போனார். தோட்டக்காரனுக்கு பூட்ஸ், பட்லர் கிறிஸ்துராஜுக்குச் சாய்வு நாற்காலி. பெருக்கித் துடைக்கிற பூங்காவனத்தின் முறை வந்ததும் அவள் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள்.

"இத்தையா? பைத்தியமாம்மே நீ? கம்பளி கேளு, குடுப்பாரு" என்றான் கிறிஸ்துராஜ். துரை மட்டும் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தானே ஆணியிலிருந்து கழற்றித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வராந்தாவில் உட்கார்ந்து துரை தன் கையால் தீட்டிய படம். அதில் ஆளும் இல்லை, மாடும் இல்லை, மரமும் இல்லை. சாய்ந்து நிற்கிற ஒரு சிவப்புச் சதுரம், அதன் தலைமாட்டில் நீல முக்கோணம், குறுக்கே ஒரு கருப்புக் கோடு, கோட்டுக்குக் கீழே சதுரத்தின் பின்னால் பாதி ஒளிந்த மஞ்சள் வட்டம். அவ்வளவுதான். ஆனால் தரையைத் துடைக்கும்போதெல்லாம் பூங்காவனம் நிமிர்ந்து அதைப் பார்ப்பாள். சிவப்பு இதோ விழுந்துவிடும் என்று தோன்றும். மறுநாள் வந்து பார்த்தாலும் விழாமல் நிற்கும். கருப்புக் கோடுதான் அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்பது ஒருநாள் அவளுக்குப் பிடிபட்டது. யுத்தத்துக்கென்று சர்க்கார் ஆவடியில் அவர்கள் நிலத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு, அந்த நிலத்திலேயே ரோடு போட அவள் புருஷன் துலுக்கானத்தைக் கூலிக்கு வைத்திருந்த காலம் அது. விழாமல் நிற்கிற ஒன்றைப் பார்ப்பதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வீட்டில் அடுப்புக்கு எதிர்ச்சுவரில் அதை மாட்டினாள். துலுக்கானம் தலையில் அடித்துக்கொண்டான். மகள் நாகவல்லிக்கோ கால் தரையில் நிற்கவில்லை.

"எம்மா, மஞ்சா கண்ணாமூச்சி ஆடுது பாரேன். செவப்புக்குப் பின்னால ஒளிஞ்சிகினு கீது."

அதுவரை பூங்காவனம் சிவப்பை மட்டும்தான் பார்த்திருந்தாள். பிள்ளை சொன்ன பிறகு மஞ்சளும் அசைந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் இருவரும் அதன் எதிரே உட்கார்ந்துகொள்வார்கள். இன்றைக்கு நீலம் மேலே போகிறதா கீழே வருகிறதா என்று அம்மாவும் பெண்ணும் சண்டை போடுவார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த நாட்களில்தான்.

பங்குனி வெயிலில் நாகவல்லிக்கு அம்மை வார்த்தது. சாதாரண அம்மை இல்லை, பெரியம்மை. வாசலில் வேப்பிலை செருகினார்கள். தாளிப்பு நின்றது, துணி வெளுப்பது நின்றது. பூசாரியைத் தவிர வெளியாள் யாரும் உள்ளே வரவில்லை. வாழை இலையில் கிடந்தபடி பிள்ளை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துக்கள் இமை மேலும் ஏறி, கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன.

அம்மன் தாலாட்டுப் பாட வந்த பூசாரி உலகநாதன் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"யாரும்மே இத்த மாட்னது?"

"துரை குடுத்ததுங்க. சும்மா படம்."

"படமா? மூணு மூலை, நாலு மூலை, வட்டம். கோயில்ல அம்மா காலடில நான் வச்சிகீற சக்கரத் தகட்லயும் இதான் கீது. அதுல எழுத்து போட்டு அடக்கி வச்சிகீது. இதுல எழுத்தே இல்ல. எழுத்தில்லாத சக்கரம் பசியோட இருக்கும். அம்மா வந்து எறங்குன ஊட்ல இத்த வச்சினு கீறியே, கொழந்தைய யாருக்குக் குடுக்கப் போற?"

துலுக்கானம் பெண்டாட்டியின் முகத்தையே பார்த்தான். அது வெறும் படம்தான் என்று பூங்காவனத்துக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பிள்ளை போய்விட்டால், படத்தால்தான் போனாள் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்லாவிட்டாலும் அவள் மனசு சொல்லும். அவளே எழுந்து கழற்றினாள். கொல்லையில் வைத்துக் கொளுத்தினாள். எண்ணெய்ச் சாயம் சீக்கிரத்தில் பற்றிக்கொண்டது. சிவப்பு குமிழ் குமிழாகக் கொப்பளித்து எரிந்ததைப் பார்க்க முடியாமல் அவள் திரும்பிக்கொண்டாள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று கண்ணும் திறந்தது. திறந்த இரண்டு கண்ணிலும் கருவிழி தெரியவில்லை, வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தது.

"சக்கரத்தக் கொளுத்துனதால அம்மா கண்ணோட வுட்டா. இல்லாங்காட்டி உசுரே போயிருக்கும்" என்றார் பூசாரி. ஊரும் ஆமாம் என்றது. துலுக்கானம் கோயிலுக்குக் கூழ் ஊற்றினான்.

நாகவல்லி ஒரு பாட்டம் அழுது ஓய்ந்தாள். படத்தைக் கொளுத்தியதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம், அம்மா வேலைக்குப் போய் வந்த சத்தம் கேட்டதும், பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எம்மா, படம் கீதா?"

பூங்காவனம் சுவரைப் பார்த்தாள். அடுப்புப் புகை படிந்த சுவரில், படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. மேலே நடுவில் ஆணி.

"கீது கண்ணு."

"செவப்பு வுழுந்துட்ச்சா?"

"இல்ல. அப்டியே நிக்குது."

"மஞ்சா?"

"மேல கீது."

"மேலயா? கோட்டுக்குக் கீழதான ஒளிஞ்சிகினு இருக்கும்! நீ பாக்காமயே சொல்ற. நல்லா பாத்து சொல்லும்மா."

"ஆமா, கீழதான். நான்தான் சரியா பாக்கல."

நாகவல்லி எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினாள்.

"தூக்கும்மா. தொட்டுப் பாக்கறேன்."

பூங்காவனம் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நோயில் கரைந்த பிள்ளை, கனமே இல்லை. தழும்பு விழுந்த சின்னக் கை சுவரைத் தேடி நீண்டது.

"இன்னும் கிட்ட போம்மா."

"போறேன் கண்ணு" என்றபடி பூங்காவனம் ஓரடி பின்னால் வைத்தாள்.