பூவிழி குடிக்காத பானம்

"துப்பு, துப்பு! முழுங்கிடாத!" என்று கத்தினான் குணாளன்.

பூவிழி குனிந்து, காலடியில் இருந்த சிவப்பு வாளிக்குள் உமிழ்ந்தாள். இளஞ்சிவப்பு நிறத்தில், நுரை நுரையாக விழுந்தது. எவ்வளவு துப்பினாலும் நாக்கில் அந்த அசட்டுத் தித்திப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது. காலையிலிருந்து குடிப்பதும், கேமராவைப் பார்த்துச் சிரிப்பதும், துப்புவதும்தான் அவளுடைய வேலை. வாளியை எட்டிப் பார்த்தால் குமட்டிக்கொண்டு வந்தது. அதில் ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது.

மலேசியாவில், ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே, அவள் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்துச் சரிவில்தான் இந்தக் கூத்து நடந்தது. குளிரில் உடம்பு வெடவெடக்கும்போதே நெற்றியில் தண்ணீர் தெளித்து, வியர்வை என்று காட்டினார்கள். முதுகில் ஒரு மூங்கில் கூடை வேறு. அதன் கயிற்றைத் தலையில் மாட்டிவிட்டிருந்தான் குணாளன். கோலாலம்பூரில் ஏதோ அலங்காரக் கடையில் வாங்கியது. கூடைக்குள் விலைச்சீட்டு அப்படியே இருந்தது.

கீழ் வரிசையில் இரண்டு வங்காளதேசத்துப் பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இயந்திரத்தால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பூவிழியின் அம்மா வேலாயியும் நாலைந்து பெண்களும் வெட்டிய கொழுந்தைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய் வேலாயி, ஒம் மவ எந்தக் காலத்துக் கூடைய மாட்டிக்கிட்டு நிக்கிறா? வெள்ளக்காரத் துரை திரும்ப வர்றாரா?" என்று ஒருத்தி கேட்க, மலையே சிரித்தது.

"நீ சிரி. நாளைக்கி ஒம் மவ இப்பிடி நின்னா தெரியும்லா" என்றாள் வேலாயி. அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அவளுக்குக் கூடைதான் தெரிந்தது, வாளி தெரியவில்லை. வாளியைக் குணாளன் அவள் காலடித் தேயிலைப் புதருக்குப் பின்னால் மறைவாகத்தான் வைத்திருந்தான்.

பூவிழி தலைநகரில் ஒரு தனியார் கல்லூரியில் படிப்பவள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நெடுந்தூர ஓட்டத்தில் வெள்ளி வாங்கியதும், அதுவரை அவள் காலணி கிழிந்ததைக்கூடக் கண்டுகொள்ளாதவர்கள் எல்லாம் அவளைத் தேடி வந்தார்கள். அவர்களில் முந்திக்கொண்டது 'மலைவேகம்' என்ற சத்து பானத்தை விற்கும் நிறுவனம். குணாளன் அதன் விளம்பர அதிகாரி. கல்லூரியும் குறுக்கே நிற்கவில்லை. வரும் காசில் கல்லூரிக்கும் ஒரு பங்கு என்றதும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளில் பூமாலையே வாங்கி வைத்துவிட்டார்கள்.

பயிற்சியாளர் மட்டும் போத்தலைத் திருப்பி, பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்ததை மூக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தார். பிறகு அவளைத் தனியே கூப்பிட்டார்.

"விளம்பரத்துல நடி. ஒரு மடக்குகூட உள்ள போகக் கூடாது. இதுல என்னென்ன கலந்திருக்குன்னு அவனுங்களே முழுசா சொல்லல. நாளைக்கி ஊக்கமருந்து டெஸ்ட்ல மாட்டினா ஒன் ஓட்டமே முடிஞ்சுது."

குடிக்காதே என்று சொன்ன மனிதர் விற்காதே என்று சொல்லவில்லை. பூவிழியும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பதில் அவளுக்கு வேண்டாமாக இருந்தது. அம்மா அடுத்த வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள். ஓய்வு பெற்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். ரிங்லெட்டில் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்ட வேறு வழியே இல்லை. அதனால் அவள் கூடையை மாட்டினாள், சிரித்தாள், துப்பினாள்.

ஒரே மாதத்தில் ரிங்லெட் டவுன் முழுக்க அவள் முகம்தான். மளிகைக் கடை, பஸ் நிற்கும் இடம், முடி வெட்டும் கடை எல்லாவற்றிலும் கூடையோடு சிரித்தாள். மேலே 'என் வேகம் இதில்தான்!' என்று கொட்டை எழுத்து. நிறுவனம் கொடுத்த போத்தல்களை வேலாயி வீட்டில் அடுக்கிவைத்தாள். அப்போதுதான் அவள் ஒரு காரியம் செய்தாள். அந்த மலையில் எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள். முதல் சம்பளம், முதல் காய், பசுவின் முதல் ஈற்றுப் பால் என்று எது வந்தாலும் மாரியம்மனுக்கு வைத்துவிட்டுத்தானே தொடுவார்கள்? மகளுடைய முதல் போத்தலைக் கொண்டுபோய் அம்மன் படியில் வைத்தாள். பூசாரி அதற்கும் சேர்த்துத் தீபம் காட்டினார்.

அவ்வளவுதான். அதன் பிறகு லயத்தில் அது வெறும் பானமாக இல்லை. நம்ம பூவிழி குடிப்பது, ஆத்தா முன்னால் வைத்தது. பால்குடத்துக்காக விரதம் இருந்த பெண்கள் அதைத் தீர்த்தம் மாதிரி நினைத்தார்கள். சோறு தண்ணி கூடாது, ஆனால் இதைக் குடித்தால் விரதம் கெடாது என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

திருவிழாவுக்குப் பூவிழி ஊருக்கு வந்தாள். கோவில் வாசலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். வளைவு முழுக்க அவள் படம்தான். அதற்குக் கீழே, ஓர் ஓரத்தில், அம்மன் தபால்தலை அளவுக்குச் சிறுத்துப்போயிருந்தாள். தண்ணீர்ப் பந்தலில் வழக்கமாக இருக்கும் மோர்ப்பானைகளைக் காணோம். இளஞ்சிவப்புப் போத்தல்கள்தான் வரிசையாக நின்றன.

"மோர் எங்க மாமா?" என்று கோவில் தலைவர் சாம்பசிவத்திடம் கேட்டாள்.

"மோர் எதுக்கும்மா? பந்தல் செலவு முச்சூடும் ஒங்க கம்பெனிதான். மோர் வெச்சா அவங்க சரக்கு போகாதாம், வேணான்னுட்டாங்க" என்றார் அவர், பல்லெல்லாம் தெரிய. அவர் தோளில் கிடந்த துண்டில்கூட 'மலைவேகம்' என்று அச்சடித்திருந்தது.

குணாளன் கைத்தொலைபேசியை ஒரு தாங்கியில் பொருத்திக்கொண்டு ஓடி வந்தான். "தங்கச்சி, லைவ் ஓடுது. பால்குடம் வந்ததும் நீ ஒவ்வொருத்தருக்கா போத்தல குடு. பக்தி, தோட்டம், பொண்ணு, எல்லாம் ஒரே பிரேம்ல! சும்மா அள்ளும் பாரு."

அவன் பேசும்போது வாயோரத்தில் எச்சில் தெறித்தது. பூவிழி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

ஆற்றங்கரையிலிருந்து பால்குடங்கள் மேடேறி வந்தன. உறுமி முழங்கியது. முன் வரிசையில் மணியம்மா வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கிறவள். வேலாயி மலைக்குப் போன நாளெல்லாம் பூவிழியை இடுப்பில் சுமந்தவள். அவள் முகம் வெளுத்திருந்தது. மஞ்சள் சேலை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அந்தக் குளிரிலும் அவளுக்கு அப்படி வியர்த்தது. கை நடுக்கத்தில் குடத்துப் பால் தளும்பித் தோளில் வழிந்தது.

"பெரிம்மா, என்ன செய்யுது?" என்று ஓடிப் பிடித்தாள் பூவிழி.

"ஒண்ணுமில்லடா பாப்பா. நெஞ்சு படபடன்னு அடிக்கிது. ராவெல்லாம் தூக்கமே இல்ல. ஆத்தா உள்ள வந்துட்டா போல" என்று சிரிக்கப் பார்த்தாள் மணியம்மா. "ஒன் தண்ணியத்தான் நாலு நாளா குடிக்கிறேன். விரதத்துல மாத்திரை முழுங்கக் கூடாதில்ல, பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டேன். நீ குடிச்சுத்தானே அந்த ஓட்டம் ஓடுற..."

சொல்லி முடிப்பதற்குள் கால் மடங்கிற்று. குடம் கல்லில் மோதி உருண்டது. பால் முழுவதும் மண்ணில் போயிற்று. மணியம்மா பூவிழியின் கையிலேயே சரிந்தாள். அவள் உதட்டோரத்தில் அந்த இளஞ்சிவப்புக் கறை இருந்தது.

கூட்டம் அலறியது. யாரோ காரை எடுக்க ஓடினார்கள். அவளை ஏற்றிக்கொண்டு கார் 'தானா ராத்தா' ஊர் ஆஸ்பத்திரியை நோக்கிக் கிளம்பியதும் குணாளன் செய்த முதல் வேலை, மணியம்மாவின் மடியிலிருந்து விழுந்து கிடந்த காலிப் போத்தலைக் காலால் பந்தலுக்கு அடியில் தள்ளியதுதான். இரண்டாவது வேலை, பூவிழியின் காதோரம் வந்ததுதான்.

"விரதத்துல மயக்கம்னு சொல்லிடு. வயசானவங்க, சகஜம்லா. இன்னும் லைவ்தான் ஓடுது, பாக்கிறவங்க கூடிக்கிட்டே போறாங்க. கண்ணு கலங்கி நிக்கிற பாரு, அதுகூட நல்லாத்தான் இருக்கு. அப்பிடியே ஒரு போத்தல கையில எடு."

பூவிழிக்கு அன்றைய வாளி நினைவுக்கு வந்தது. நுரை, ஈ, நாக்கில் ஒட்டிய தித்திப்பு எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு ஏறின. இவனைப் பார்த்தும் அருவருத்தாள், வளைவில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த தன்னைப் பார்த்தும் அருவருத்தாள். இரண்டு முகத்துக்கும் பெரிய வித்தியாசம் அவளுக்குத் தெரியவில்லை.

அவள் ஒரு போத்தலை எடுத்தாள். குணாளன் கட்டை விரலை உயர்த்தினான். அவள் நேராகப் பந்தலுக்குப் போய் சாம்பசிவத்தின் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"எல்லாரும் கேளுங்க. இத யாரும் குடிக்காதீங்க. நான் இத ஒரு நாளும் குடிச்சதில்ல."

பின்வரிசையில் இன்னும் முழங்கிக்கொண்டிருந்த உறுமி நின்றது.

"படம் புடிச்ச அன்னைக்கி வாயில ஊத்தி ஊத்தி வாளியில துப்பினேன். ஒரு மடக்கு உள்ள போனாகூட என் ஓட்டத்துக்கு ஆபத்துன்னு சொன்னாங்க. என் ஒடம்ப நான் காப்பாத்திக்கிட்டேன். ஒங்க ஒடம்பப் பத்தி நான் நெனைக்கவே இல்ல. நீங்க யாரோ எவனோ விக்கிறான்னு வாங்கல, என் மூஞ்சிய நம்பி வாங்கினீங்க. அந்த நம்பிக்கையத்தான் நான் வித்துட்டேன்."

சாம்பசிவம் மைக்கைப் பிடுங்க வந்தார். "பந்தல் காசு வாங்கிட்டோம்மா, இப்பிடியெல்லாம் பேசினா..."

"பேசட்டும் விடுங்க, மாமா" என்றான் கூட்டத்தில் ஒருவன். சாம்பசிவம் தோளிலிருந்த துண்டை மெதுவாக இழுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

குணாளன் முகம் மாறிவிட்டது. "காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டிருக்க, ஞாபகம் இருக்கா? ஒரு காசு வராது. கேஸ் போடுவாங்க. ஒங்கம்மாவ வெச்சிக்கிட்டு எங்க போவ?"

"போடுங்க. கோர்ட்லயும் வாளியப் பத்தித்தான் சொல்லுவேன்."

அவன் சுற்றிலும் பார்த்தான். அவனுக்காகப் பரிந்து பேச அங்கே யாரும் இல்லை. தாங்கியைச் சுருட்டிக்கொண்டு காரை நோக்கி நடந்தான்.

வேலாயி சந்நிதிப் படியருகே நின்றிருந்தாள். மகளை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை.

"நீ துப்புனதையாடி நான் ஆத்தா முன்னால கொண்டாந்து வெச்சேன்?" என்று கேட்டாள். குரல் எழும்பவே இல்லை. "அத பாத்துத்தானேடி மணி குடிச்சா?"

பூவிழி அம்மாவைத் தாண்டிப் படிக்கு வந்தாள். படியில் இன்னும் இருந்த போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து, சாக்கடையில் கவிழ்த்தாள். குழாயடிக்குப் போய் ஒரு வாளித் தண்ணீர் பிடித்து வந்து, மண்டியிட்டு அந்தப் படியைக் கையாலேயே தேய்த்துக் கழுவினாள். பிசுக்கு அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. மணியம்மாவுக்கு நினைவு திரும்பிவிட்டது, சில நாள் அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். என்ன குடித்தாள் என்று டாக்டர் கேட்கிறாராம்.

"ஒரு போத்தல எடுத்துக்கிட்டு நானே போறேன்" என்று எழுந்தாள் பூவிழி.

வேலாயி தயங்கினாள். கோபத்துக்குள்ளிருந்து அந்தக் கேள்வி வெட்கத்தோடுதான் வெளியே வந்தது. "அப்ப... வீடு?"

பூவிழி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"நம்ம வாயில வைக்கக் கூசுறத அடுத்தவங்க வாயில ஊத்தி வாங்குற காசு எச்சக் காசும்மா. அதுல வாங்குற வீட்டுல நீ எப்பிடிப் படுப்ப?"

வேலாயி வாளியை எடுத்து, மீதியிருந்த தண்ணீரைப் படியில் ஊற்றினாள். பிறகு வளைவைப் பார்த்து, "யாராவது ஏறி அந்தப் படத்த கழட்டுங்கப்பா. எம் மவள அப்பிடிப் பாக்க அருவருப்பா இருக்கு" என்றாள்.