மூன்று பேரின் தும்மல்

"வெளிநாட்டுப் பத்திரிகையில வரட்டும் டாக்டர். புக்கைக் கொண்டாந்து காட்டுங்க, ஃபேனை மாட்டிடறேன்" என்று ஹேமநாத் சொன்னபோது, மில்லில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் கைவேலையைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவரும் சிரிக்காமல்தான் சொன்னார். அதனால் அதை வெறும் பேச்சாக அல்ல, வாக்காகவே நான் எடுத்துக்கொண்டேன்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளுக்கு நடுவே இருந்தது ஹேமநாத்தின் மசாலா மில். மிளகாய் உண்டு, மல்லி உண்டு, எல்லாவற்றையும்விட மஞ்சள் அதிகம். வாசலில் படுத்திருக்கும் நாய்கூட மஞ்சளாகத்தான் இருக்கும். குன்றத்தூர் பக்கமிருந்து பஸ் பிடித்து வரும் பெண்கள் அங்கே அரைத்தார்கள், சலித்தார்கள், பாக்கெட் போட்டார்கள், இருமினார்கள். சல்லடையில் நிற்கும் அங்காளம்மாளால் ஒரு வாக்கியத்தை இருமாமல் சொல்லி முடிக்க முடியாது. அவள் இருமும்போது நாம் குறுக்கே பேசிவிடக் கூடாது. பேசினால், "நான் இன்னும் முடிக்கல டாக்டரம்மா" என்று முறைப்பாள். காத்திருக்க வேண்டும்.

தாம்பரத்தைத் தாண்டி ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில், சமூக மருத்துவத் துறையில் நான் விரிவுரையாளர். பெயர் அமலராணி. மாணவர்களை மில்லுக்குக் கூட்டிப் போன இடத்தில்தான் இந்த இருமலைக் கேட்டேன். தூசியை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதும், இருமல் குறையும் என்று ஹேமநாத்திடம் சொன்னேன்.

"மேடம், மஞ்சள் மருந்து. ஊர்ல அவனவன் காசு குடுத்து வாங்கிப் பால்ல போட்டுக் குடிக்கிறான். என் மில்லுல மூச்சு விட்டாலே சும்மா கிடைக்குது" என்றார். அதற்கு மேல் பேசிப் பேசித்தான் அந்தப் பத்திரிகை வாக்கு வந்தது. உள்ளூரில் எழுதினால் செல்லாதாம். வெள்ளைக்காரன் ஒத்துக்கொண்டால் அவரும் ஒத்துக்கொள்வாராம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூச்சின் வேகத்தை அளக்கும் குழாயை எடுத்துக்கொண்டு போய், அந்தப் பெண்களைக் காலையில் ஒருமுறை, வேலை முடிந்ததும் ஒருமுறை ஊதச் சொன்னேன். அவர்கள் அதற்குப் பீப்பி என்று பெயர் வைத்தார்கள். "பீப்பி டாக்டர் வந்துட்ச்சி" என்று வாசலிலேயே கூவுவார்கள். திங்கட்கிழமை நன்றாக ஊதியவர்கள் சனிக்கிழமை பாதிகூட ஊதவில்லை. ஞாயிறு ஒருநாள் வீட்டில் இருந்தால் மூச்சு திரும்பி வருகிறது, வேலைக்கு வந்தால் போகிறது. இதைவிடத் தெளிவாக ஓர் ஆய்வு எப்படிப் பேசும்?

தொழில்சார் நலத்துக்கும் சுற்றுச்சூழல் நலத்துக்கும் என்றே வெளிநாட்டில் நடக்கும் ஒரு பத்திரிகையைத் தேர்ந்தெடுத்தேன். கட்டுரையாளர்களுக்கு அவர்கள் விதித்திருந்த விதிமுறைகளே ஒரு கட்டுரை நீளம் இருந்தன. இரட்டை வரி இடைவெளி, இத்தனை அங்குல ஓரம், அட்டவணை தனித்தாளில், மூன்று பிரதிகள், விமானத் தபால். அந்தப் பத்திரிகை அப்போது மின்னஞ்சலில் கட்டுரை வாங்குவதில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விதிப்படி செய்து, துறைத்தலைவர் ஏகநாதனிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். அவர் முதலில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி போட்டுத் தன் பெயரை எழுதினார். அது துறையின் வழக்கம், அதில் எனக்கு ஆச்சரியமில்லை.

"நல்லா வந்திருக்கும்மா. இதை நானே போஸ்ட் பண்ணிடறேன்" என்றார்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. ஏகநாதன் சார் புத்தி கூர்மையானவர், புள்ளியியலில் புலி. ஆனால் எந்தத் தாளும் மஞ்சள் தொடாமல் அவர் கையைவிட்டு வெளியே போனதில்லை. மகளின் ஜாதகத்திலிருந்து கல்லூரி அங்கீகாரக் கோப்பு வரைக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார். என் கட்டுரையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய், நரசிம்மர் பாதத்தில் வைத்து எடுத்து, மூன்று பிரதிகளுக்கும் மூலைக்கு மூலை மஞ்சள் தடவியிருக்கிறார். அதோடு விட்டாரா? தாயார் சன்னிதியில் கொடுத்த மஞ்சள் பொடியைச் செய்தித்தாளில் பொட்டலமாக மடித்து உறைக்குள் வைத்திருக்கிறார்.

"எதுக்கு சார் பொட்டலம்?" என்று பின்னால் கேட்டபோது, "படிக்கிறவங்களுக்கும் பிரசாதம் வேணாமா?" என்றார்.

அது எந்த நேரம் என்றால், அமெரிக்காவில் தபால் உறைக்குள் விஷக் கிருமிப் பொடி வந்து சிலர் செத்துப்போயிருந்த நேரம். உலகமே உறையைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. என் உறை போய்ச் சேர்ந்ததும் பத்திரிகையின் தபால் அறையில் பிரித்திருக்கிறார்கள். பொட்டலம் வழியிலேயே கிழிந்திருக்கிறது. குப்பென்று எழும்பியது தாயார் சன்னிதி.

கட்டடத்தைக் காலி செய்தார்கள். தெருவை மூடினார்கள். விண்வெளிக்குப் போகிறவர்களைப் போல உடுத்திக்கொண்டு ஆட்கள் வந்து உறையை இடுக்கியால் எடுத்துப் போனார்கள். பிரித்த மூன்று ஊழியர்களையும் நடுத்தெருவில் கூடாரம் போட்டுக் குளிப்பாட்டினார்கள். இதெல்லாம் இதழாசிரியர் எனக்கு அனுப்பிய மின்னஞ்சலில் இருந்தது. கடைசிப் பத்தியில், "பரிசோதனையில் அது சமையல் மஞ்சள் என்று தெரியவந்தது. எனினும் பாதுகாப்புக் கருதித் தங்கள் கட்டுரையைப் படிக்காமலே எரித்துவிட்டோம்" என்று எழுதியிருந்தார். மூன்று பிரதிகளும் விதிப்படிதான் இருந்தன என்று எனக்கு அழுகை வந்தது.

ஏகநாதன் சார் அதைப் படித்துவிட்டு, "அக்னியில போட்டிருக்காங்க. நல்ல சகுனம்தான்" என்றார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மன்னிப்புக் கேட்டு, கெஞ்சி, கட்டுரையை மின்னஞ்சலில் அனுப்ப அனுமதி வாங்கினேன். அவர்களுக்கும் என் உறையைத் தொட விருப்பமில்லை. சில வாரங்களில் பதில் வந்தது. நிராகரிப்பு. "மஞ்சள் தூசி ஒரு வட்டாரப் பிரச்சினை. எங்கள் வாசகர்களுக்கு இதில் ஆர்வம் இருக்காது" என்று மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார் அதே இதழாசிரியர்.

மில்லுக்குப் போய்ச் சொன்னேன். அங்காளம்மாள் சலிப்பதை நிறுத்தவில்லை.

"இன்னா சொல்றாங்க? எங்களுக்கு இருமல் இல்லன்றாங்களா?"

"இல்லைன்னு சொல்லல. அவங்க ஊர்ல படிக்கிறவங்களுக்கு அது முக்கியமில்லையாம்."

அவள் இருமினாள். நான் காத்திருந்தேன். "அப்ப ஃபேனு?" என்று முடித்தாள்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஒருநாள் அதே இதழாசிரியரிடமிருந்து மறுபடி மின்னஞ்சல். தங்களுக்கு வந்திருக்கும் ஒரு கட்டுரையை மதிப்பிட்டுத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். "இந்தப் பொருளில் எங்களுக்குத் தெரிந்து ஆய்வு செய்திருப்பவர் உலகத்திலேயே தாங்கள் ஒருவர்தான்." இணைப்பைத் திறந்தேன். தலைப்பு: அஞ்சல் பிரிவு ஊழியர்களிடம் மஞ்சள் தூசியால் ஏற்பட்ட கடும் சுவாசப் பாதிப்பு, மூன்று நேர்வுகள்.

எழுதியவர்கள் பெயரை மறைத்திருந்தார்கள். மதிப்பிடுபவருக்கு யார் எழுதியது என்று தெரியக் கூடாதாம். தூசி எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் "தென்னிந்தியாவிலிருந்து வந்த ஓர் உறை" என்று இருந்தது. அந்த உறை நான்தான். மூன்று பேரும் எத்தனை முறை தும்மினார்கள் என்பதற்கு வரைபடம் போட்டிருந்தார்கள். மூக்குத் துவாரங்களை வண்ணத்தில் படம் எடுத்திருந்தார்கள். ஒருவருக்கு இன்னும் மஞ்சள் நிறத்தைப் பார்த்தால் படபடப்பு வருகிறதாம், அதற்கு ஆலோசகரை அமர்த்தியிருந்தார்கள். தபால் அறையில் உடனே எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தப்பட்டது என்று முடித்திருந்தார்கள்.

மூன்று பேர் ஒரு காலைப்பொழுது தும்மியது உலகப் பிரச்சினை, ஒரு மில் முழுக்க வருஷக்கணக்கில் இருமுவது வட்டாரப் பிரச்சினை. அதற்கு அவர்களுக்கு ஃபேனே வந்துவிட்டது. வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து மதிப்புரை எழுதினேன். "மூன்று பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. தினமும் இதே தூசியில் நிற்பவர்களோடு ஒப்பிடாமல் இக்கட்டுரையை ஏற்கக் கூடாது" என்று கடுமையாகவே எழுதினேன்.

இதழாசிரியருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அப்படிப்பட்டவர்களின் அளவீடுகள் உலகத்திலேயே என்னிடம் மட்டும்தானே இருந்தன. அவற்றைக் கொடுத்தால் என்னையும் கட்டுரையாளராகச் சேர்த்துக்கொள்வதாகக் கட்டுரைக்காரர்கள் கேட்டார்கள். பெண்களின் மூச்சு எப்படியாவது அச்சில் ஏறினால் சரி, ஃபேன் வரும் என்று கொடுத்தேன். நான்காவது பெயர் என்னுடையது. ஐந்தாவது ஏகநாதன்.

அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க அனுப்பிய படியில்தான் அந்தக் கொடுமையைப் பார்த்தேன். அங்காளம்மாளையும் மற்றவர்களையும் "பழகிய குழு" என்று போட்டிருந்தார்கள். வருஷக்கணக்கில் இருமுவதால் அவர்கள் நிலை சீராக இருக்கிறதாம். முடிவுரையில், "மஞ்சள் தூசிக்குப் பழகாத, அலுவலகத்தில் அமர்ந்து பணிபுரிவோரே அதிக ஆபத்தில் உள்ளனர்" என்று இருந்தது. அன்றே எதிர்த்து எழுதினேன். திங்கட்கிழமை ஊதியதையும் சனிக்கிழமை ஊதியதையும் பாருங்கள் என்று எழுதினேன். இதழ் ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டது, தங்கள் கருத்தை அடுத்த ஆண்டு ஆசிரியருக்குக் கடிதமாகப் பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது.

புத்தகம் வந்த அன்று ஏகநாதன் சார் அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்துத்தான் என் கையில் கொடுத்தார். அதையே எடுத்துக்கொண்டு திருமுடிவாக்கம் போனேன். வாசலில் மடக்கிக் கேட்ட பெண்களுக்கு மூன்று பேர் தும்மிய கதையையும் சொன்னேன். முடிவுரை எப்படி இருந்தால் என்ன, வெளிநாட்டுப் புத்தகத்தில் வந்தால் ஃபேன் என்பதுதானே வாக்கு.

ஹேமநாத்தின் அறை மில்லுக்குள்ளேயே நடுவில் நான்கு பக்கமும் கண்ணாடித் தடுப்புப் போட்டு எழுப்பியது. அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் வரி வரியாகத் தொட்டு, முழுக் கட்டுரையையும் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. மூக்குப் படங்கள் இருந்த பக்கத்தில் அவர் விரல் நெடுநேரம் நின்றது.

"ஆபீஸ்ல உக்கார்றவங்களுக்குத்தான் டேஞ்சர்னு போட்டிருக்கே டாக்டர்."

"அது தப்பான முடிவு சார். அட்டவணையைப் பாருங்க. இந்தப் பெண்களோட மூச்சு வாரக் கடைசியில..."

"இவங்க பழகிட்டாங்கன்னு போட்டிருக்கு. நீங்களே எழுதிட்டு நீங்களே தப்புன்னா எப்படி? உங்க பேர் இருக்கு, உங்க ஹெச்.ஓ.டி பேரும் இருக்கு." பிறகு எழுந்து நின்று கைகூப்பினார். அதில் கேலியே இல்லை. "நல்ல வேளை சொன்னீங்க. சொன்னதை மாத்திப் பேசற ஆளா நான்? சொன்ன சொல்லு சொன்னதுதான். ஃபேன் போட்டுடறேன்."

அடுத்த வாரம் போனேன். தெருமுனைக்கே ஃபேன் சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பெரிய ஃபேன்தான், நான் கேட்ட அளவு. அதை ஹேமநாத் தன் அறையின் கண்ணாடித் தடுப்பை அறுத்துப் பொருத்தியிருந்தார். அந்த அறைக்கு வெளிச்சுவர் கிடையாது. உள்ளேயிருந்து இழுக்கும் காற்றையெல்லாம் அது மில்லுக்குள் தள்ளியது, நேராகச் சல்லடையை நோக்கி. மூட்டைகள் மேல் படிந்திருந்த தூசி எல்லாம் எழும்பிப் பறந்துகொண்டிருந்தது. ஹேமநாத் உள்ளே வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து எனக்குக் கை காட்டினார்.

அங்காளம்மாள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஃபேனு வந்துட்ச்சி டாக்டரம்மா" என்றாள். "முன்ன பொடி அத்து பாட்டுக்கு நின்னுகினு இருக்கும். இப்போ நம்மளத் தேடிகினு வருது."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மன்னிச்சிடும்மா" என்றேன். அந்தச் சத்தத்தில் அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

"அந்த மூணு பேரு, நம்ம ஊரு பொடி பட்டு தும்முனாங்களே," என்று ஆரம்பித்தவளுக்கு இருமல் வந்துவிட்டது. சல்லடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாள். நான் குறுக்கே பேசவில்லை. காத்திருந்தேன். நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இப்போ நல்லா கீறாங்களா?"