பாவாத்தாளுக்குச் சொன்ன ரூம்

பல்லடத்தில் அங்கப்பன் கட்டிய புது வீட்டுக்குள் அங்கப்பனால் மட்டும் போக முடியாது. முன்வாசலில் ஒரு காலை எடுத்து வைப்பார். அடுத்த காலை வைக்கும்போது பின்பக்கத் தென்னைமரத்தடியில் நிற்பார். நடுவில் வீடே இருக்காது. பால்காரர் போகிறார், கேபிள்காரர் போகிறார், பக்கத்து வீட்டுப் பூனை போய் சோபாவில் படுக்கிறது. பால் காய்ச்சிய அன்றைக்கே ஆரம்பித்த விஷயம் இது.

வீடென்றால் அப்படி ஒரு வீடு. கோயமுத்தூர் ஆர்க்கிடெக்ட் யஷ்வந்த் வரைந்தது. பூசாத கான்கிரீட், மொட்டைத் தூண்கள், கிழக்கே முழுக்கக் கண்ணாடி, உள்ளே மருந்துக்கும் ஒரு சுவர் கிடையாது. பார்க்க வந்த சொந்தமெல்லாம் "பூச்சு வேலை எப்பங்க?" என்று கேட்டு மானத்தை வாங்கியது. அடுப்படியில் நின்றால் கட்டில் தெரியும், கட்டிலில் படுத்தால் கேட் தெரியும். எதற்கும் மறைவில்லை என்பதுதான் அழகாம்.

வீடு கட்டிய இடத்தில் பாதி தங்கை பாவாத்தாளுடையது. புருசன் போனபின் தறிக்குடோனுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தாள். "உனக்குன்னே ஒரு ரூம் போட்டுத்தாரேன் அம்மணி, கதவச் சாத்திக்கலாம்" என்று அண்ணன் சொன்னதும் தன் பாதியையும் அவர் பேருக்கே எழுதிக் கொடுத்தாள். நீயும் ஏதாவது எழுதி வாங்கு என்றவர்களைக் கிறுக்கா என்பதுபோல் பார்த்தாள். அண்ணன் கல்யாணத்தில் கூடப்பிறந்தவள் முறைக்கு இணைச்சீர் செய்தவள் அவள். கூறைச்சேலையின் ஒரு முனையை அவரும் மறுமுனையை அவளுமாகப் பிடித்து நின்றதை ஊரே பார்த்தது. அப்படி நின்றவரிடம் எழுதி வாங்குவது எங்கள் பக்கத்தில் கேவலம். யஷ்வந்த் வரைந்த முதல் பிளானில் அந்த ரூம் இருக்கவும் இருந்தது. பார்வையை மறைக்கிறது என்றான் அவன். அங்கப்பன் யோசிக்கக்கூட இல்லை. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மூங்கில் நட்டுக்கொண்டார்.

பால் காய்ச்சிய அன்று சீர்த்தட்டோடு வந்த பாவாத்தாள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, என்ற ரூம் எதுங்க?" என்றாள்.

"ரூமெல்லாம் பழைய காலம் கண்ணு. ஊடு பூராவும் உன்றதுதான்" என்று சிரித்தார் அவர்.

கூடப்பிறந்தவர் இப்படிக் கழுத்தறுப்பார் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினாள். கேட் வரைக்கும் போய் ஒப்புக்குக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பிய அங்கப்பன் வாசலில் கால் வைத்தார், தென்னைமரத்தடியில் நின்றார்.

இரண்டு வருசம் போர்ட்டிகோவில்தான் படுக்கை. மனைவி செல்லாத்தாள் டிவியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைப்பாள். பூசாரி வந்தார், இன்ஜினியர் வந்தார். யஷ்வந்த் வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனான், அதன்பின் போனை எடுப்பதில்லை. கடைசியில் செல்லாத்தாளே ஆள் வைத்து மூங்கிலைப் பிடுங்கி, கதவு ஜன்னலோடு அந்த ரூமைக் கட்டினாள். அங்கப்பன் வாசலில் கால் வைத்தார். அடுத்த காலை வைத்தது ரூமுக்குள். அங்கிருந்து ஹாலுக்குக் கால் வைத்தால் மறுபடி தென்னைமரம்.

தங்கையைத் தேடிப் போனார். பாவாத்தாள் சேரைத் துடைத்துப் போட்டுக் காபி கொடுத்தாள். "நீ வந்து இருந்தாத்தான் கண்ணு எனக்கு ஊடு" என்று அழுதார்.

"அழுவாதீங்கண்ணா. அன்னிக்குக் காட்டியிருந்தா சந்தோசமா வந்திருப்பனுங்க. இப்ப மனசு வரலீங்க. அந்த ரூமுல நீங்களே இருந்துக்குங்க."

இப்போது அங்கேதான் இருக்கிறார். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் ஹாலில் உட்கார்ந்து, வீட்டுக்காரர் எங்கே என்று கேட்பார்கள். "பாவாத்தா ரூமுல இருக்கறாருங்க" என்பாள் செல்லாத்தாள். அவர்களும் சரி என்று எழுந்துபோய்க் கதவைத் தட்டுவார்கள்.