தாரை வார்க்க ஒரு மார்பு

கர்நாடகப் பொதுப்பணித்துறையில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டி, ஒரு மந்திரிக்கும் வளைந்து கொடுக்காத மனுஷர் தேசிகன். அப்படிப்பட்டவர், மகள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, "பத்ரி தாரை வார்த்துக் குடுக்கட்டும். நான் பக்கத்துல நின்னுக்கறேன்" என்று தம்பியைக் கைகாட்டியதும் மனைவி பாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காரணம் அவளுக்குத் தெரியும். தாரை வார்க்கும் அப்பா வெற்று மார்போடு உட்கார்ந்து, பெண்ணை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இதயத்துக்காக ஒரு வருஷமாகச் சாப்பிடும் மாத்திரை, தேசிகனின் மார்பைப் பெண்களுக்கு இருப்பதைப் போல வளரவைத்திருந்தது. தொட்டால் வலி வேறு. வீட்டுக்குள்கூடச் சட்டையைக் கழற்றுவதில்லை. அவளுக்குத் தெரியாத சங்கதி, மனுஷர் பத்து நாளாக அந்த மாத்திரையை வாஷ்பேசினில் போட்டுக்கொண்டிருந்தது. கால் வீங்கி, மாடிப்படியில் மூச்சு வாங்கியபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

பெங்களூர் காக்ஸ் டவுனில் இருக்கும் டாக்டர் தமயந்தி அவரைப் பரிசோதித்துவிட்டு ஒரு பிடி பிடித்தார்.

"மாத்திரையை நிறுத்தறது நீங்களா, நானா சார்? கெட்ட கட்டி எதுவும் இல்ல, பயப்படாதீங்க. வேற மாத்திரைக்கு மாத்தறேன், வலி கொறையும். வளர்ந்தது வத்தறதுக்கு மாசக்கணக்காகும். அப்பவும் வத்தாம நின்னுட்டா ஆபரேஷன்ல எடுத்துடலாம். ஆனா உங்க ஹார்ட் தேறின அப்புறம்தான்."

"மூணு வாரத்துல ஆகாதா?"

"சான்ஸே இல்ல சார்."

வீட்டுக்கு வந்ததும் புது மாத்திரையை பாமாவின் எதிரிலேயே விழுங்கினார். "அப்போ பத்ரிதானா?" என்று கேட்டாள். தேசிகன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார்.

முகூர்த்தத்தன்று வாத்தியார் கூப்பிட்டபோது பத்ரிநாத் பஞ்சகச்சத்தோடு தயாராக நின்றார். தேசிகன் தம்பியின் தோளைத் தட்டி ஒதுங்கச் சொன்னார். மேல்வஸ்திரத்தை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். வீடியோக்காரரின் விளக்கு நேரே அவர் மார்பில் விழுந்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஹார்ட் மாத்திரை பண்ணின வேலை" என்றார் தேசிகன், ஆபீஸில் ஃபைலைத் திருப்பி அனுப்பும் அதே குரலில். "சிரிச்சு முடிச்சாச்சுன்னா மந்திரத்தை ஆரம்பிக்கலாம்."

வாத்தியார் அவசரமாக மந்திரத்தை ஆரம்பித்தார். பாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியும் இந்த மனுஷரின் தைரியத்தை இன்றைக்குத்தான் முழுசாகப் பார்க்கிறோம் என்று கண் நிறைந்தது.

மகள் சஹானா அவர் மடியில் உட்கார்ந்தாள். அப்பா மேல் பட்டுவிடக் கூடாதென்று முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டாள்.

"என்னடி இது, யாராத்துப் பொண்ணோ மாதிரி? சாஞ்சுக்கோ."

"வலிக்குமேப்பா."

"வலிக்கும்தான்" என்றார் தேசிகன். "நீ சாஞ்சுக்கோ."